பச்சை பார்டர் புடவையும் இருபது முத்துகளும்

அந்தப் புடவையை அம்மா என் வளைகாப்புக்கு எடுத்தார். காஞ்சிப் பட்டு. உடல் இளம் ரோஜா நிறம், பார்டரும் முந்தியும் இலைப்பச்சை. வளைகாப்பன்று கட்டியதோடு சரி, அப்புறம் மேரிலாந்துக்கு வந்த பெட்டியின் அடியில் கிடந்தது. 2016 டிசம்பரில் எங்கள் ஆய்வகத்தின் ஆண்டிறுதி விருந்துக்கு என்ன உடுத்துவது என்று தெரியாமல் அதைத்தான் எடுத்தேன். தங்கம் போட்டால் கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி இருக்குமே என்று, எப்போதோ ஹைதராபாதில் வாங்கிய ஒற்றைச் சர முத்துமாலையைப் போட்டுக்கொண்டேன்.

குளிர்க் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டுத் திரும்பியிருக்க மாட்டேன், எதிர் மூலையிலிருந்து ஒரு கூவல். "ஸ்கீ... வீ!" கீச்சென்று, உச்சத்தில். எங்கள் ஊர்ப் பக்கம் முளைப்பாரி எடுக்கும்போது பெண்கள் இடுகிற குலவையை நினைத்துக்கொள்ளுங்கள். நாக்கு மட்டும் அசையாது, அவ்வளவுதான் வித்தியாசம். கூவியவர் கொள்முதல் பிரிவில் வேலை பார்த்த கறுப்பினப் பெண்மணி. ஐம்பத்தைந்து வயதிருக்கும், நல்ல உயரம். அதுவரை அவரை எனக்குப் படிவங்களில் இருக்கும் கையெழுத்தாக மட்டுமே தெரியும். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு கூட்டத்தை விலக்கி வந்தவர், என் முகத்தைப் பார்த்ததும் நாலடி தள்ளி நின்றுவிட்டார்.

"நீ சொரோர் இல்லையா?"

"எது?"

"ரோஜா நிறம், பச்சை, கழுத்துல முத்து. மூணையும் சேர்த்துப் போட்டுட்டு வந்து நின்னா நான் என்னம்மா நினைக்கிறது?"

"இது எங்க அம்மா எடுத்துக் கொடுத்தது."

"அப்ப உங்க அம்மாவுக்கு நல்ல ரசனை" என்றார். சிரிப்பு அடங்க நேரம் பிடித்தது. அன்று இரவு உணவு முடியும்வரை எங்கள் மேஜையிலேயே உட்கார்ந்து, நான் எதற்குள் தெரியாமல் நுழைந்துவிட்டேன் என்று விளக்கினார்.

அவர் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா என்கிற சொராரிட்டியின், அதாவது கறுப்பினக் கல்லூரிப் பெண்கள் தொடங்கிய சங்கத்தின், உறுப்பினர். சுருக்கமாக ஏ.கே.ஏ. வாட்ஸ்அப்பில் தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கிறவர்களுக்கு அந்த மூன்று எழுத்தும் கண்ணில் பட்டதும் என்னவாக ஒலிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. "எங்க பாஷையில இதுக்கு மூத்த சகோதரின்னு அர்த்தம், ஆனா நடுவுல ரெண்டு கே போடுவோம்" என்றேன். நம்பாமல் போனில் தேடிப் பார்த்தார். பிறகு அறையில் இருந்த எல்லோரிடமும் போய்ச் சொன்னார். அன்றிலிருந்து அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன், பெயர் வேண்டாம்.

அமெரிக்காவில் கல்லூரி சொராரிட்டி என்றால் நமக்கு உடனே நினைவுக்கு வருவது சினிமாக் காட்சி: பெரிய வெள்ளை வீடு, ஒரே மாதிரி உடுத்திய பெண்கள், வார இறுதிக் கூத்து. எனக்கும் அந்தப் படம்தான் இருந்தது. அது முழுப் பொய்யும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆண்கள் கிரேக்க எழுத்துகளில் பெயர் வைத்துச் சங்கம் நடத்தியபோது, பெண்களும் தங்களுக்கென்று தொடங்கினார்கள். முதலில் அவற்றையும் 'பெண்கள் ஃபிராட்டர்னிட்டி' என்றே சொன்னார்கள். ஃபிராட்டர் என்றால் லத்தீனில் சகோதரன். பெண்கள் கூட்டத்துக்குச் சகோதரன் பெயர் எதற்கு என்று சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் லத்தீன் சொல்லிக்கொடுத்த ஒரு பேராசிரியர், சகோதரியைக் குறிக்கும் 'சொரோர்' என்ற சொல்லிலிருந்து சொராரிட்டியை உருவாக்கிக் கொடுத்தார். கறுப்பினப் பெண்கள் தங்கள் சங்கத்தை ஆரம்பித்தபோது அந்தச் சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருந்தது. ஆனால் அதன் வேரை, அந்த 'சொரோர்' என்ற விளியை, இன்றுவரை வாயார வைத்துக் கூப்பிடுகிறவர்கள் இவர்கள்தான். அக்காவின் அம்மாவும் இதே சங்கம். "கூட்டத்துல அம்மாவும் சொரோர்தான். வீட்டுக்கு வந்ததும் மறுபடி அம்மா" என்பார்.

தொடங்கிய நாள் 1908 ஜனவரி 15. இடம் வாஷிங்டனில் ஹோவர்ட் பல்கலைக்கழகம். செயின்ட் லூயிஸிலிருந்து உதவித்தொகையில் படிக்க வந்த எதல் ஹெட்ஜ்மன் என்ற மாணவிதான் மூலகாரணம். முதலில் ஒன்பது பேர் சேர்ந்தார்கள். சில வாரங்களில் இரண்டாம் ஆண்டு மாணவிகள் ஏழு பேர். அடிமை முறை ஒழிந்து நாற்பத்துச் சொச்சம் ஆண்டுகளே ஆகியிருந்த நாட்டில், கல்லூரிப் படியேறிய கறுப்பினப் பெண்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்தச் சிலர் ஒருவரையொருவர் தவறவிட்டுவிடக் கூடாது என்பதுதான் சங்கத்தின் ஆதிக் கவலை என்று எனக்குப் படுகிறது. குறிக்கோள் வாசகம் என்னவோ 'பண்பாலும் தகுதியாலும்' என்று கொஞ்சம் விறைப்பாகத்தான் இருக்கிறது. நிறங்களின் அதிகாரபூர்வப் பெயர்கள் சால்மன் மீனின் ரோஜா நிறம், ஆப்பிள் பச்சை. அக்காவிடம் வெறுமனே பிங்க், க்ரீன் என்று சொல்லிப் பாருங்கள், திருத்துவார். சின்னம் ஐவி இலை. எப்போதும் பச்சையாக இருக்கும், பற்றிக்கொண்டு ஏறும், விடாது.

(இங்கே ஒரு குறுக்குப் பேச்சு. மேரிலாந்தில் குடியிருப்பவர்களுக்கு ஐவி என்றால் வேறு நினைப்பு. மரத்தைச் சுற்றி ஏறி மூச்சடைக்கும் அந்தக் கொடியை வெட்டி இழுக்க வார இறுதியில் தன்னார்வலர்கள் கத்தரியோடு கிளம்புவார்கள். நானும் ஒரு தடவை போயிருக்கிறேன். அக்காவிடம் சொன்னபோது, "எங்களைப் பிடுங்கி எறியறதுக்கும் எத்தனையோ பேர் பார்த்தாங்க" என்றார்.)

இவர்களின் மாலையில் நிறுவனர் ஒருவருக்கு ஒன்றாக முத்துகள் இருபது. இந்தக் கணக்குதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. முதல் ஒன்பது பேர், பின்னால் சேர்ந்த ஏழு பேர் போக இன்னும் நாலு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் ஒரு சண்டைக் கதை வரும். 1912 இறுதியில் கல்லூரியில் இருந்த மாணவிகள், பழைய பெயர் வேண்டாம், நிறம் வேண்டாம், சின்னம் வேண்டாம், எல்லாவற்றையும் மாற்றுவோம், இன்னும் அரசியலாகச் செயல்படுவோம் என்று முடிவெடுத்தார்கள். அதற்குள் படித்து முடித்துப் போயிருந்த நெல்லி குவாண்டர் என்பவருக்குச் செய்தி எட்டியது. அவர் ஒப்பவில்லை. பெயரும் நிறமும் உங்கள் கையில் கொடுத்தது, உங்கள் சொத்தில்லை என்பது அவர் கட்சி. 1913 ஜனவரி 13 அன்று மாணவிகள் 22 பேர் விலகி டெல்டா சிக்மா தீட்டா என்ற புதுச் சங்கம் கண்டார்கள். ஜனவரி 29 அன்று குவாண்டரும் தோழிகளும் பழைய சங்கத்தைச் சட்டப்படி பதிவு செய்து, இனி யாரும் ஒரே இரவில் பெயரை மாற்ற முடியாதபடி பூட்டுப் போட்டார்கள். அப்படிப் பதிவு செய்த நாலு பேரையும் நிறுவனர்களாகச் சேர்த்துத்தான் இருபது. ஆக அந்த மாலையில் இருக்கும் நாலு முத்து, ஒரு குடும்பச் சண்டையின் கணக்கு. பாகப் பிரிவினையில் பிறந்தவை என்றுகூடச் சொல்லலாம்.

பிரிந்து போனவர்களைக் குறைத்துச் சொல்ல முடியாது. பிரிந்த ஏழாவது வாரமே, 1913 மார்ச் 3 அன்று, பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு வாஷிங்டனில் நடந்த மாபெரும் ஊர்வலத்தில் டெல்டா பெண்கள் தங்கள் பதாகையோடு நடந்தார்கள். மறுநாள் வுட்ரோ வில்சன் அதிபராகப் பதவி ஏற்கிறார், ஊரே கூடியிருக்கிறது. கறுப்பினப் பெண்கள் கடைசியில் வரட்டும் என்று ஏற்பாட்டாளர்கள் நினைத்த ஊர்வலம் அது. அதே ஊர்வலத்தில்தான் பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸ் பின்னால் போக மறுத்து, தன் இல்லினாய் மாநில அணியோடு நடுவில் புகுந்து நடந்தார். டெல்டாவின் நிறம் கருஞ்சிவப்பும் பாலேட்டு நிறமும். யானையைத் தங்களுடையதாகக் கொண்டாடுவார்கள். நான் கருஞ்சிவப்புப் புடவை கட்டிப் போயிருந்தால் அன்று வேறு மேஜையில் உட்கார்ந்திருப்பேன். அக்காவுக்கு டெல்டாத் தோழிகள் ஏராளம். ஆனால் ஜனவரி 13 வந்தால், "இன்னிக்கு எங்க தங்கச்சிங்க பிறந்தநாள், ரெண்டு நாள் கழிச்சு மூத்தவங்க பிறந்தநாள்" என்று ஒரு குத்து இல்லாமல் வாழ்த்துச் சொல்லமாட்டார். ஐந்து வருடம் மூத்ததைச் சொல்லிக்காட்டுவதில் அப்படியொரு ஆனந்தம்.

எனக்கு நிறமும் இலையும் கேட்கச் சுவையாக இருந்தாலும், உள்ளூர ஒரு கேள்வி இருந்துகொண்டே இருந்தது. ரகசியச் சடங்கு, சந்தா, பேட்ஜ், ஆண்டு விழா, இதெல்லாம் படித்த, வசதியான பெண்களின் கிளப்தானே? நம் ஊரில் லேடீஸ் கிளப் என்று சொல்லும்போது உதட்டோரம் ஒரு சுழிப்பு வருமே, அந்தச் சுழிப்போடு ஒரு நாள் கேட்டுவிட்டேன். அக்கா கோபிக்கவில்லை. மிசிசிப்பி பற்றிப் படி என்று மட்டும் சொன்னார்.

படித்தேன். 1930-களில் சங்கத்தின் தேசியத் தலைவியாக இருந்தவர் ஐடா ஜாக்சன். ஓக்லாந்து நகரில் கறுப்பினத்தவருக்கு ஆசிரியை வேலை கிடைக்காத காலத்தில் அதை உடைத்துக்கொண்டு உள்ளே போனவர். முன்னதாக பெர்க்லியில் மாணவியாக இருந்தபோது 1921-ல் அங்கே சங்கத்தின் கிளையைத் தொடங்கியிருந்தார். கல்லூரி ஆண்டு மலரில் தங்கள் படம் வரவேண்டும் என்று காசு கட்டி, உடுத்திக்கொண்டு போய்ப் படமும் எடுத்துக்கொண்டார்கள். மலர் வந்தது. படம் இல்லை. பல்கலைக்கழகத் தலைவரிடமே போய்க் கேட்டதற்கு, நீங்கள் இங்குள்ள மாணவர்களைப் பிரதிபலிப்பவர்கள் இல்லை என்ற பொருளில் பதில் வந்தது.

அந்த ஐடா ஜாக்சன், மிசிசிப்பிக் கிராமத்து ஆசிரியைகளுக்கு 1934 கோடையில் பயிற்சிப் பள்ளி நடத்தப் போனார். போன இடத்தில், பாடம் ஏறாததற்குக் காரணம் பசியும் நோயும்தான் என்று கண்டார். அடுத்த கோடையில், 1935-ல், மருத்துவர் டோரதி ஃபெரபி தலைமையில் சங்கத்துப் பெண்கள் அங்கே கிளம்பினார்கள். டாக்டர், நர்ஸ், டீச்சர், எல்லோரும் தங்கள் விடுமுறையை விட்டுக்கொடுத்து, சொந்தக் கார்களை ஓட்டிக்கொண்டு போனார்கள். கறுப்பினப் பெண்கள் தனியாக அந்தத் தூரம் தென்மாநிலச் சாலைகளில் போவது எவ்வளவு ஆபத்து என்பதை இப்போது கற்பனை செய்வது கஷ்டம். போனால், பருத்தித் தோட்ட முதலாளிகள் கூலியாட்களை மருத்துவ முகாமுக்கு அனுப்ப மறுத்தார்கள். வேலை கெடும், வெளியூர்க்காரிகள் ஆட்களைக் கிளப்பிவிடுவார்கள். சரி, ஆட்கள் வரக் கூடாது என்றால் ஆஸ்பத்திரி போகட்டும் என்று அந்தக் கார்களிலேயே மருந்தையும் ஊசியையும் ஏற்றிக்கொண்டு தோட்டத்துக்குள் போய், கண்காணிகள் பார்த்துக்கொண்டிருக்க, மரத்தடியிலும் தேவாலயத்திலும் குழந்தைகளுக்கு அம்மைக்கும் தொண்டை அடைப்பானுக்கும் ஊசி போட்டார்கள். ஒவ்வொரு கோடையிலும் சில வாரங்கள். 1942 வரை. போர்க்காலத்தில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்த பிறகுதான் அந்தக் கார்கள் நின்றன.

மறுநாள் அக்காவின் மேஜைக்குப் போய், "படிச்சேன்" என்றேன். "ம்" என்றார், படிவத்திலிருந்து தலையைத் தூக்காமல். அந்தச் சுழிப்பை நான் அதற்குப் பிறகு காட்டவில்லை.

ஆனாலும் எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டேன் என்று சொல்லமாட்டேன். சேர்வதற்கு ஆகும் செலவு கணிசமானது. யாரைச் சேர்ப்பது என்பதை ஏற்கெனவே இருக்கிறவர்கள்தான் முடிவு செய்கிறார்கள். கேட்டு நின்று ஏமாந்த பெண்கள் அந்த வடுவை வயதான பிறகும் வைத்திருக்கிறார்கள், அப்படி இருவரை எனக்கே தெரியும். பழைய காலத்தில் தோலின் நிறத்தைப் பார்த்துச் சேர்த்தார்கள், வெளுத்த பெண்களுக்கு முன்னுரிமை என்ற குற்றச்சாட்டும் இந்தச் சங்கத்தின் மேல் நெடுங்காலமாக உண்டு. இதைக் கேட்க எனக்குத் தயக்கமாக இருந்தது. மணமகள் விளம்பரத்தில் 'சிவந்த நிறம்' என்று எழுதுகிற ஊரிலிருந்து வந்தவள் எந்த வாயால் கேட்பது? அக்காவே ஒரு நாள் எடுத்தார். அவர் நல்ல கறுப்பு. "எங்க அம்மா வெளுப்பு. நான் சேர்ந்தப்போ சில கிழவிங்க அம்மாவை மட்டும் பார்த்துப் பேசுவாங்க. என்னை அப்புறம்தான் பார்ப்பாங்க" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இன்னொன்று, சேரும்போது செய்யும் கொடுமைகள். நம் ராகிங்குக்கு அண்ணன். அக்கா சேர்ந்தது 1981-ல், வட கரோலினாவில் ஒரு கல்லூரியில். அந்தக் காலத்தில் சேர விரும்புகிறவர்களை வாரக்கணக்கில் 'லைன்' கட்டி வைப்பார்கள். உயரப்படி வரிசை. ஒரே மாதிரி உடை, ஒரே நடை, வகுப்புக்கும் சாப்பாட்டுக்கும் வரிசை குலையாமல் போக வேண்டும். குள்ளமான முதல் பெண்ணுக்கு ஏஸ் என்று பெயர், கடைசியில் நிற்கும் நெட்டைக்கு டெயில். அக்கா டெயில், பதினான்காம் எண். முப்பத்தைந்து வருடம் கழித்தும் தன் லைன் சகோதரிகளோடு பேசும்போது அந்த எண்ணைச் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள். "ஆறு எப்படி இருக்கா? ஒன்பதுக்கு முட்டி ஆபரேஷனாமே?" அந்த வாரங்களில் என்னென்ன நடந்தது என்று கேட்டால் பாதிதான் சொல்வார். சொன்ன பாதியே எனக்குப் பிடிக்கவில்லை. இப்படிப்பட்ட சடங்குகளில் இந்த நாட்டில் மாணவர்கள் உயிரே போயிருக்கிறது. 1990-ல் கறுப்பினச் சங்கங்கள் எல்லாம் கூடி இந்த வரிசைக் காலத்தையே அதிகாரபூர்வமாக ஒழித்து, சேர்க்கைக்குப் புது நடைமுறை கொண்டுவந்தன. ஒழிந்ததா என்று கேட்டால், காகிதத்தில் ஒழிந்தது. "நான் பட்டேன், அதனால நீயும் படணும்னு நினைக்கிறவ எல்லாக் குடும்பத்துலயும் உண்டு" என்றார் அக்கா. மாமியார்களைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

2018 அக்டோபரில் ஹோவர்டின் ஹோம்கமிங்குக்கு என்னை அழைத்துப்போனார். பழைய மாணவர்கள் திரும்பி வரும் திருவிழா. நடுத் திடலில் ஒவ்வொரு சங்கத்துக்கும் ஒரு மரம், ஒரு இடம். திடல் முழுக்க நிறங்கள்: நீலமும் வெள்ளையும் உடுத்திய ஸீட்டா பெண்கள், கருஞ்சிவப்பு டெல்டாக்கள், எங்கள் (பாருங்கள், எழுதும்போதே 'எங்கள்' வந்துவிட்டது) ரோஜாவும் பச்சையும். கையை வீசி, காலைத் தரையில் அறைந்து, தொடையில் தட்டி, உடம்பையே பறையாக்கி ஆடுகிற ஸ்டெப் ஆட்டம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் ஒருவர் பின் ஒருவராக வரிசை கட்டிச் சுற்றி ஆடி வருகிறார்கள். பதினெட்டு வயதுப் பெண்ணும் எழுபது வயதுப் பாட்டியும் ஒரே அடவு. நான் பொரித்த மீன் தட்டோடு அந்த வரிசையைக் கடந்து அந்தப் பக்கம் போகக் காலெடுத்து வைத்தேன். அக்கா என் தோளைப் பிடித்து இழுத்த வேகத்தில் மீன் கீழே விழுந்தது. வரிசைக்குக் குறுக்கே போகவே கூடாதாம். சாமி ஊர்வலத்தில் பல்லக்குக்கு முன்னால் குறுக்கே ஓடிய சிறுமியைப் பாட்டி இழுப்பாரே, அதே பிடி.

அன்று இன்னொரு பாடமும் கிடைத்தது. கடையில் அழகான ரோஜா நிறச் சட்டை, மார்பில் அந்த மூன்று கிரேக்க எழுத்து. வாங்கலாமா என்று பார்த்தேன். "நிறம் உலகத்துக்கே பொது. அம்மா எடுத்துக் கொடுத்த புடவையைத் தாராளமாக் கட்டு. எழுத்து மட்டும் எங்களுது" என்றார். சங்கத்தில் சேராதவர்கள் அந்த எழுத்துகளை அணிவதில்லை. பச்சை குத்துவதும் குவளையில் போடுவதும்கூட ஆகாது. தாலியை நகைக்கடைக் கண்ணாடிக்குள் பார்க்கலாம், அழகாக இருக்கிறதே என்று வாங்கிப் போட்டுக்கொள்ள முடியுமா? எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. வெறும் சாம்பல் நிறத்தில் ஒரு சட்டை வாங்கினேன்.

2020 ஆகஸ்ட் 19 இரவு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தொற்றுக் காலம். வீட்டில் தனித்தனியாக இருந்தாலும் அக்காவும் நானும் போனைக் காதில் வைத்துக்கொண்டே டிவி பார்த்தோம். துணை அதிபர் வேட்பாளராக கமலா ஹாரிஸ் பேசுகிறார். தன் குடும்பம் யார் யார் என்று அடுக்கிக்கொண்டே வந்தவர், மாமாக்கள், அத்தைகள் என்று சொல்லிவிட்டு 'சித்தி' என்றார். அமெரிக்க அரசியல் மேடையில், தமிழில். துளசேந்திரபுரத்துக்காரர் பி. வி. கோபாலனின் பேத்தி. அவருடைய அம்மா சியாமளா 1958-ல், பத்தொன்பது வயதில், பெர்க்லிக்குப் படிக்க வந்து, கறுப்பின மாணவர்களின் அரசியல் வட்டத்தில் கலந்தவர். ஐடா ஜாக்சனின் படத்தை மலரிலிருந்து எடுத்த அதே பெர்க்லி. நான் இந்தப் பக்கம் கத்தினேன். கத்தி முடிப்பதற்குள் அந்தப் பக்கம் காது கிழிய "ஸ்கீ-வீ!" கமலா சித்தியைச் சொன்ன அதே மூச்சில், ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவையும் தன் குடும்பம் என்று சொல்லியிருந்தார். 1986-ல், ஹோவர்டில் கடைசி ஆண்டில், 38 பேர் கொண்ட லைனில் சேர்ந்தவர் அவர்.

"உனக்கு என்ன சொன்னா, நீ ஏன் கத்தினே?" என்று கேட்டார் அக்கா. சித்தி என்றால் யார் என்று விளக்க ஆரம்பித்தேன். அம்மாவின் தங்கை, ஆனால் சின்ன அம்மா, அப்பாவின் தம்பி மனைவியும் சித்திதான், அத்தை வேறு, பெரியம்மா வேறு... கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "உங்க ஆளுங்க எல்லாத்துக்கும் பேர் வச்சிருக்கீங்க. எங்க பேரை எல்லாம் கப்பல்லயே பிடுங்கிட்டாங்க. அதான் நாங்க கிரேக்கன்கிட்ட கடன் வாங்கினோம்" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார்.

அந்த மாதத்தில் கமலாவின் தேர்தல் நிதிக்கு 19 டாலர் 8 செண்ட் என்ற விசித்திரத் தொகை ஆயிரக்கணக்கில் வந்து குவிந்ததாகச் செய்தி வந்தது. 1908. மொய்க் கவரில் நூற்றொன்று வைக்கிற ஊர்க்காரிக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. 2021 ஜனவரி 20 அன்று அவர் பதவி ஏற்றபோது நாடெங்கும் பெண்கள் முத்துமாலை அணிந்து டிவி முன்னால் உட்கார்ந்தார்கள். நானும் அந்த ஹைதராபாத் மாலையை எடுத்தேன். முத்து எழுத்தில் சேர்த்தியா, நிறத்தில் சேர்த்தியா என்று அக்காவுக்கு முன்கூட்டியே போன் போட்டுக் கேட்டுக்கொண்டேன். "இன்னிக்கு எல்லாரும் போட்டுக்கலாம்" என்று அனுமதி வந்தது.

2022 பிப்ரவரியில் அக்காவின் அம்மா போய்ச் சேர்ந்தார். எண்பத்தெட்டு வயது. பள்ளி ஆசிரியையாக இருந்தவர். கல்லூரியில் படித்தபோது சங்கத்தில் சேர வழியில்லாமல் போய், வேலைக்கு வந்த பிறகு பட்டதாரிகள் கிளையில் சேர்ந்தவர். இவர்களிடம் அது ரொம்ப சாதாரணம். கல்லூரி முடிந்ததும் மறந்துவிடுகிற விஷயமாக இவர்கள் இதை நினைப்பதில்லை, பலருக்கு அதற்குப் பிறகுதான் தொடக்கமே. கிளையின் பெயர் ஒமேகா என்று முடிந்தால் பட்டதாரிகள் கிளை என்று அடையாளம்.

இறந்த உறுப்பினர்களை இவர்கள் 'சுவருக்கு அப்பால் போன ஐவி' என்பார்கள். தோட்டச் சுவரில் ஏறிய கொடி உச்சியைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கிவிட்டால் இங்கிருந்து பார்க்க முடியாது, வேர் இங்கேதான் இருக்கும். தேவாலய ஆராதனைக்கு முன்னால் அந்தப் பெயரிலேயே ஒரு வழியனுப்புச் சடங்கு நடந்தது. அறுபது பெண்களாவது இருக்கும், எல்லோரும் வெள்ளை. நமக்கு வெள்ளையைப் பார்த்ததும் நெஞ்சு ஒரு மாதிரி ஆகும். பக்கத்து மாநிலத்திலிருந்து நாலு மணி நேரம் கார் ஓட்டி வந்தவர்கள் இருந்தார்கள். செத்தவரை ஒரு தடவைகூடப் பார்க்காதவர்களும் அதில் இருந்தார்கள். அக்காவின் லைனில் உயிரோடு இருக்கிற பதினொரு பேரில் ஒன்பது பேர் வந்திருந்தார்கள், முட்டி ஆபரேஷன் செய்துகொண்ட ஒன்பதாம் எண் உட்பட. சடங்கில் சொன்ன சொற்களை நான் எழுதப் போவதில்லை. என்னை உள்ளே உட்கார வைத்ததே பெரிய விஷயம். ஒரே ஒரு கணம், உறுப்பினர்கள் சுற்றி நின்று பாடியபோது, எழுபது வயதுக்காரர் ஒருவருக்குக் குரல் உடைந்து பாட்டு நின்றது. அவர் விட்ட வரியைப் பக்கத்தில் நின்ற கல்லூரிப் பெண் எடுத்துக்கொண்டு போனாள். ஒருவரையொருவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சாப்பாடு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில். அங்கே ஒரு அம்மாள் மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டிக்கொண்டு, அட்டையில் செருகிய தாளோடு மேஜை மேஜையாக வந்துகொண்டிருந்தார். அக்காவின் அப்பாவுக்குத் தொண்ணூற்றொன்று. தனியாக இருக்கிறார். அக்காவுக்கு வேலை. அடுத்த மூன்று மாதத்துக்கு எந்த நாள் யார் சாப்பாடு கொண்டுபோவது, யார் டயாலிசிஸுக்குக் கூட்டிப்போவது என்று கட்டம் போட்ட தாள். பெயர், போன் நம்பர், கிளை, சேர்ந்த ஆண்டு. இரண்டு மேஜை தாண்டுவதற்குள் முக்கால்வாசி நிரம்பிவிட்டது. புதுப்புது கையெழுத்துகள், ஒமேகாக்கள், 1974, 2003, 1969, 2019. வியாழக்கிழமைகள் மட்டும் காலி.

என்னிடம் வந்தபோது பேனாவை நீட்டுவதா வேண்டாமா என்று அந்த அம்மாள் ஒரு நொடி தயங்கினார். நானே வாங்கினேன். வியாழக்கிழமைக் கட்டங்களில் பெயரையும் நம்பரையும் எழுதினேன். எலுமிச்சை சாதம் அக்காவின் அப்பாவுக்குப் பிடிக்கும், காரம் குறைத்துப் போட வேண்டும், உப்பு கூடவே கூடாது. கிளை என்ற கட்டத்தையும் ஆண்டையும் வெறுமையாக விட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தேன்.

பின்னாலிருந்து ஒரு கை வந்து அதை வாங்கியது. அக்கா. அழுது வீங்கிய முகம், அன்று காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. தாளை மேஜையில் வைத்து, குனிந்து, என் பெயருக்கு எதிரே ஆண்டு என்ற இடத்தில் 2016 என்று போட்டார். கிளை என்ற கட்டத்தில் பெரிய எழுத்தில் ஏ போட்டார், கே போட்டார். ஒரு கணம் பேனாவைத் தூக்கி என்னைப் பார்த்துவிட்டு இன்னொரு கே போட்டார். பிறகு ஏ.